கைக்குழந்தை, ஒரே சம்பளம், மாதம் 6,500 துண்டு விழுகிறது. தண்டல் வாங்கலாமா?

காலடிப்பேட்டை தையல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஏழு மாதப் பெண் குழந்தை. திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வாடகை வீடு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தேன், கைக்கு 15,500 வரும். வீட்டுக்காரர் கன்டெய்னர் யார்டில் டேலி எழுதுகிறார், 22,500. இ.எஸ்.ஐ. இருந்ததால் 26 வாரம் முழுச் சம்பளம் வந்தது, குறையே இல்லை. அது இரண்டு மாதத்துக்கு முன்னால் முடிந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. என் அம்மா தவறிவிட்டார். மாமியார் காசிமேட்டில் மூத்தவர் வீட்டில் இருக்கிறார், சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. கைக்குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ள அவரால் ஆகாது.

மாதச் செலவை ஒளிக்காமல் எழுதுகிறேன். வாடகை 7,000. கரண்ட் 1,100, ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார். தண்ணி கேன் 450, கேஸ் 900, போன் இரண்டுக்கும் 600. பைக் டியூ 2,850, இன்னும் ஒன்பது தவணை பாக்கி. ஏலச்சீட்டு 2,000. 40,000 ரூபாய்ச் சீட்டு, 20 மாதத்தில் 13 கட்டியாயிற்று, இன்னும் எடுக்கவில்லை. மளிகை 4,500, பால் 1,500, காய்கறி மீன் 3,000, பெட்ரோல் 1,500, மாமியார் மாத்திரை 800. குழந்தைக்கு டயப்பர், டப்பா பால், டப்பா கஞ்சி என்று 2,800. கூட்டினால் 29,000.

இரண்டு மாதத் துண்டைச் சேமிப்பிலிருந்து அடைத்தோம், அதுவும் தீர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா தண்டல் வாங்கித் தருகிறேன் என்கிறார். 10,000 என்று பேசி 8,500 கையில் கொடுப்பார்களாம், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இல்லையென்றால் சீட்டை நிறுத்துவதா, தாலிக்கொடி தவிர இருக்கும் மூன்று சவரனை அடகு வைப்பதா? இதற்கு நடுவில் ஒன்பதாவது மாதம் காதுகுத்து, மண்டபம் பிடிக்க வேண்டும் என்று அவர் வீட்டில் பேச்சு நடக்கிறது. என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

ராயபுரம் அக்கா:

தங்கச்சி, தண்டல் மட்டும் வேண்டாம். நான் மீன் வியாபாரக் குடும்பம். காலையில் வாங்கிச் சாயங்காலத்துக்குள் விற்றுக் காசு பார்க்கிறவர்களுக்கே அந்தத் தினக்கட்டு மூச்சு முட்டும். உன் வீட்டில் தினம் காசு வருவதில்லை, மாதம் ஒரு முறைதான் சம்பளம். 8,500-க்கு 100 நாளில் 1,500 வட்டி. அசல் தினமும் குறைந்துகொண்டே போவதால் சராசரியாகப் பார்த்தால் பாதிப் பணம்தான் உன் கையில் இருக்கும். வருடக் கணக்கில் அது 100 சதவீதத்தைத் தாண்டுகிற வட்டி.

அடகும் இதற்கு மருந்து இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக் கட்டணம் மாதிரி ஒரே தடவை வந்து போகிற செலவுக்கு நகையை வைக்கலாம். மாதாமாதம் விழுகிற துண்டுக்கு வைத்தால் இந்த மாதம் ஒரு சவரன், அடுத்த மாதம் இன்னொன்று என்று போகும். மீட்கவும் வழி இருக்காது.

சீட்டை நிறுத்தாதே. நடுவில் நிறுத்தினால் கட்டிய பணம் பெரும்பாலும் சீட்டு முடிந்த பிறகுதான் திரும்ப வரும், ஏலம் எடுப்பவர் விட்டுக்கொடுக்கிற தள்ளுபடியில் உன் பங்கு லாபமும் போய்விடும். அதற்குப் பதில் இந்த மாதமே ஏலம் கேட்டு எடுத்துவிடு. ஏழு மாதம்தான் பாக்கி என்பதால் இப்போது ஏலத்தில் விட்டுக்கொடுக்கிற தள்ளு பெரிதாக இருக்காது. 3,000 தள்ளிப் போனாலும் 37,000 கைக்கு வரும். அதில் பைக் கடனை முழுதாக அடைத்துவிடு. முன்கூட்டி முடிக்கக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் முதலில் எழுதி வாங்கிக்கொள். மாதம் 2,850 அப்படியே நிற்கும். மிச்சம் 10,000-க்கு மேல் வரும், அதை வீட்டில் வைக்காதே, தபால் ஆபீஸ் கணக்கில் போடு. சீட்டை எடுத்த பிறகும் மாதம் 2,000 தவறாமல் கட்ட வேண்டும், ஜாமீன் கேட்பார்கள், அதற்கும் ஆளைப் பார்த்துக்கொள்.

மீன் விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. பைபர் போட்டில் வருகிற கொஞ்சமும் ஆனை விலை, குதிரை விலைதான். இப்போது போய் சங்கரா, வஞ்சிரம் என்று கேட்காதே. முட்டை, நெத்திலிக் கருவாடு, கீரை என்று ஓட்டு. தடை முடிந்து வரத்து அதிகமாகும்போது காசிமேட்டில் காரப்பொடி மீன், நெத்திலி வாங்கலாம். பால் கொடுக்கிறவள் நீ, பால்சுறா கிடைத்தால் மட்டும் யோசிக்காமல் வாங்கிப் புட்டு செய்து சாப்பிடு. குடும்பத்தில் செலவைக் குறைப்பது என்றால் பெண்கள் முதலில் தன் தட்டில்தான் கை வைக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

காதுகுத்துக்கு மண்டபம் எதற்கு? மொய் வந்து செலவை ஈடுகட்டும் என்பார்கள். மொய் என்பது நோட்டில் எழுதிவைக்கிற கடன், நாளைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் நீ திருப்பிச் செய்தாக வேண்டும். வடிவுடையம்மன் கோயில் உனக்கு நடக்கிற தூரம். அங்கே அம்மாளைக் கும்பிட்டுவிட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஆசாரியைக் கூப்பிட்டுக் குத்திவிடு. பெரியவர்களிடம் இதை உன் வீட்டுக்காரர் சொல்ல வேண்டும், நீ சொன்னால் பேச்சு வேறு மாதிரி ஆகும்.

வியாசர்பாடி செவிலியர்:

நான் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். உங்கள் கணக்கில் என் கண்ணில் பட்டது அந்த 2,800தான். தாய்ப்பால் சுரக்கிறது என்றால் டப்பா பாலுக்கு அவசியம் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் கேழ்வரகுக் கூழ், பருப்பு மசித்த சாதம், வேகவைத்த காய், முட்டை மஞ்சள் கரு எல்லாம் கொடுக்கலாம், கூடவே இரண்டு வயதுவரை தாய்ப்பால். இப்போதே டப்பா பாலை அதிகம் குடிக்கிற குழந்தை என்றால் ஒரேயடியாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிக் குறையுங்கள். தண்ணீர் ஊற்றி நீர்த்துக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. காசு மிச்சம் என்று சிலர் செய்கிறார்கள், குழந்தை இளைத்துப்போகும். ஒரு வயதுக்கு முன்னால் மாட்டுப்பாலை முக்கிய உணவாகவும் மாற்றாதீர்கள். அங்கன்வாடியில் பெயர் பதிந்தால் ஆறு மாதத்திலிருந்து சத்துமாவு இலவசமாகக் கொடுப்பார்கள். டயப்பர் இரவுக்கு ஒன்று போதும், பகலில் பழைய வேட்டித் துணி. புண் வராமல் இருக்க அதுவே நல்லது.

தடுப்பூசிக்குத் தனியாரிடம் போகாதீர்கள். புதன்கிழமை எங்களிடம் வந்தால் ஒன்பதாவது மாதத் தட்டம்மை, ரூபெல்லா ஊசி இலவசம். முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பதிந்திருந்தால் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து மொத்தம் 18,000. எந்தத் தவணை நிற்கிறது என்று உங்கள் பகுதிச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த ஆர்.சி.எச். எண்ணைக் காட்டிக் கேளுங்கள், பாங்க் கணக்கு ஆதாரோடு இணையாததால் பலருக்கு நிற்கிறது. மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், உங்கள் வீட்டுக்காரர் சம்பளமே 2.7 லட்சம் வருகிறது.

மாமியார் மாத்திரைக்கு 800 ஏன் போகிறது? சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். காசிமேட்டு வீட்டு முகவரியில் பதியச் சொல்லுங்கள்.

எண்ணூர் அப்பா:

சகோதரி, நீங்கள் வேலை பார்த்த கம்பெனியில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் சட்டப்படி குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரவும் அனுமதி உண்டு. என் மனைவி வேலை பார்த்த இடத்தில் அப்படி ஓர் அறை இருந்தது, பூட்டித் துணிக்கட்டு அடுக்கியிருந்தார்கள். நாலைந்து தாய்மார்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் திறந்தார்கள். ஒருவராகப் போய்க் கேட்காதீர்கள், ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள்.

அப்புறம், ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வாங்குகிறீர்களா?

காலடிப்பேட்டை தையல்காரி:

எல்லோருக்கும் மனசார நன்றி. அக்கா, தண்டல் வேண்டாம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன். ராத்திரி அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பைக் டியூ 2,850 நிற்கும். குழந்தைச் செலவில் 1,800, மாமியார் மாத்திரை 800, மீன் காய்கறியில் 600. எங்கள் பெயர் இன்னும் மாமியார் கார்டில்தான் இருக்கிறது, அதை நீக்கித் தனி கார்டு வாங்கினால் பருப்பு எண்ணெயில் 400 குறையும். அதற்கு நாளாகும், அதுவரை சீட்டு மிச்சத்திலிருந்து ஈடுகட்டிக்கொள்கிறோம். காதுகுத்தைப் பற்றி அவரே அவர் அண்ணனிடம் பேசுகிறேன் என்றார்.

எம்.சி. ரோடு புடவைக் கடை ஒன்றில் ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்க வீட்டுக்குத் துணி கொடுக்கிறார்கள். குழந்தை தூங்கும் நேரத்தில் செய்தால் மாதம் 3,000 வரை பார்க்கலாம் என்று தோழி சொல்கிறாள். அது வந்தால் மாதச் செலவில் கலக்காமல் தனியாக வைக்கப் போகிறேன். கம்பெனியில் காப்பக அறை இருக்கிறது, உள்ளே பழைய மெஷின்கள்தான். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிற மூன்று பேருக்குப் போன் செய்தேன், இரண்டு பேர் கையெழுத்துப் போடத் தயார். எண்ணூர் அண்ணா, நீங்கள் எழுதிக் கொடுத்த மனுவை யார் பெயருக்கு அனுப்பினீர்கள், மேனேஜருக்கா, நேராகத் தொழிலக ஆய்வாளருக்கா?

எண்ணூர் அப்பா:

முதலில் மேனேஜருக்கு. நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் அந்த நகலை இணைத்து ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.