தனியாகப் போனால்தான் காசின் அருமை தெரியுமா?

மேன்ஷன்வாசி:
நேற்று வேறொரு திரியில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: பிள்ளைகளை வெளியூரில் தனியாகத் தங்க விட்டால் போதுமாம், ஆளில்லாத அறையில் ஃபேனை நிறுத்தக் கற்றுக்கொள்வார்களாம், காசின் அருமை தானாக வந்துவிடுமாம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் குப்பை கொட்டியவன் என்கிற தகுதியில் சொல்கிறேன், வராது. எங்கள் மேன்ஷனில் வாடகையிலேயே கரண்ட் அடக்கம். பூட்டிய அறைக்குள் பகல் முழுக்க ஃபேன் ஓடும், கொடியில் பனியன் காய வேண்டுமே! பில் கையில் வந்தால்தான் அருமை தெரியும்.

கரூரான்:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன். என் பையன் சென்னையில் ரூம் எடுத்துத் தங்கிய பிறகுதான் திருந்தினான். இப்போது ஊருக்கு வந்தால் 5ல் ஓடும் ஃபேனை 2க்குக் குறைக்கிறான், கேட்டால் "கரண்ட் மிச்சம்பா" என்கிறான். இங்கே இருந்தவரை டேங்க் நிரம்பி வழிந்தாலும் மோட்டாரை நிறுத்த எழுந்திருக்காத ஆள் அவன்.

வயர்மேன்:
சார், உங்கள் வீட்டு ரெகுலேட்டர் பெரிய டப்பாவா, சின்னத் திருகா?

கரூரான்:
பெரிய டப்பா. அதனால் என்ன?

வயர்மேன்:
அதனால்தான் எல்லாமே. பழைய டப்பாவுக்குள் இருப்பது ரெசிஸ்டன்ஸ் காயில், அதாவது கரண்டைத் தடுக்கும் கம்பிச் சுருள். 2ல் வைத்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், ஆனால் மிச்சமானதாக நீங்கள் நினைக்கும் கரண்டில் பெரும்பகுதி காயிலில் சூடாகப் போய்விடும். டப்பாவைத் தொட்டுப் பாருங்கள், சுடும். சின்னத் திருகாக வரும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால்தான் உருப்படியான மிச்சம். உங்கள் மகன் அருமையைக் கற்றிருக்கலாம், கரண்டைக் கற்கவில்லை.

கரூரான்:
தலைப்பு காசைப் பற்றியது, டப்பாவைப் பற்றியது அல்ல. அவன் வந்து இருந்துவிட்டுப் போன பிறகு பில் குறைந்திருக்கிறது. கண்ணால் பார்த்தேன்.

வயர்மேன்:
குறைந்திருக்கும், மார்கழி மாதமாக இருந்திருக்கும். கணக்கே போடுகிறேன். சாதா ஃபேன் 75 வாட். நாள் முழுக்க ஓடினால் 1.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 108. நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு 2016ல் இருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒற்றை ஃபேனை நிறுத்தாமல் விட்டாலே அந்த இலவசம் காலி. ஆகவே நிறுத்தினால்தான் மிச்சம். குறைத்தால் மிச்சம் என்பது பழைய டப்பா வைத்திருப்பவர்களின் ஆறுதல்.

தாம்பரம் அக்கா:
இலவசமா? யாருக்கு? எங்கள் ஹவுஸ் ஓனர் தன் மீட்டருக்குக் கீழே எங்களுக்கென்று ஒரு சப் மீட்டர் மாட்டி முதல் யூனிட்டில் இருந்தே ஒரே ரேட் வாங்குகிறார். அரசு கொடுக்கும் 100 யூனிட் மாடியிலேயே நின்றுவிடுகிறது, கீழே இறங்கி வருவதே இல்லை. இன்னொன்று, இந்தத் "தனியாகப் போனால் தெரியும்" கதையெல்லாம் ஆண் பிள்ளைகளுக்கு. சிலிண்டர் தீரும் நேரத்தில் விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்கிற கணக்கோடுதான் நாங்கள் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தோம். அதற்கு யாரும் திரி தொடங்கவில்லை.

வயர்மேன்:
அக்கா, ஒரே மீட்டரில் நாலு போர்ஷன் ஓடினால் 500 யூனிட்டைத் தாண்டும், தாண்டினால் ரேட்டே மாறும். ஓனர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

தாம்பரம் அக்கா:
ஓனருக்கு வக்காலத்தா? போர்ஷனுக்கு ஒரு மீட்டர் வாங்க வேண்டியதுதானே! வாடகையை மட்டும் தனித்தனியாக வாங்கத் தெரிகிறதே.

துபாய் தம்பி:
இங்கே பெட் ஸ்பேஸில், அதாவது பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஆளுக்கொரு கட்டில் வாடகைக்கு எடுக்கும் இடத்தில், ஏசி இரவு பகலாக ஓடும், யாரும் கை வைக்க மாட்டோம், அது வாடகையோடு சேர்ந்தது. அதே ஆட்கள்தான் ஊருக்குப் பணம் அனுப்ப, பத்துப் பைசா ஏறாதா என்று எக்ஸ்சேஞ்ச் ரேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மேன்ஷன்வாசி சொல்வதுதான் சரி.

கரூரான்:
ஏசியில் இருப்பவர்கள் ஃபேனைப் பற்றிப் பேச வேண்டாம்.

துபாய் தம்பி:
வெயிலில் கம்பி கட்டிவிட்டு வந்து ஏசியில் படுக்கிறோம் அண்ணாச்சி. வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வயர்மேன்:
கரூரான் சார் டப்பாவைத் தொட்டுப் பார்த்தாரா இல்லையா?

கரூரான்:
போன மாதம் வாட்டர் ஹீட்டர் திரியிலும் இதே வேலைதான் செய்தீர்கள். அங்கே நான் சொன்னதற்குக் கடைசி வரை உங்களிடம் பதில் இல்லை, அந்தக் கடுப்பை இங்கே வந்து தீர்க்கிறீர்கள்.

வயர்மேன்:
ஹீட்டர் 2000 வாட், அரை மணிக்கு ஒரு யூனிட் என்று அங்கேயே பதில் போட்டேன். படிக்காதது என் குற்றமா? சரி, அதை விடுங்கள். டப்பா சுடுகிறதா?

மேன்ஷன்வாசி:
திரி தொடங்கியது நான். பில் கட்டாதவனுக்கு அருமை எப்படித் தெரியும் என்று கேட்டேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கரூரான்:
ஈர பனியனுக்கு ஃபேன் போட்டவர் அருமையைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்!

மேன்ஷன்வாசி:
நான் போட்டேன் என்று எங்கே எழுதினேன்? மறுபடி படியுங்கள்.

வயர்மேன்:
ஃபேனை அரை மணி நேரம் 2ல் ஓட விட்டுத் தொடுங்கள் சார். உடனே தொட்டால் சுடாது, பிறகு சுடவில்லை என்று இங்கே வந்து எழுதுவீர்கள்.