காசி விசாலாட்சி: முட்டிவலி உள்ள அம்மாவை எப்படிக் கூட்டிப்போவது?

மன்னார்குடிப் பெண்:
அம்மாவுக்கு 74 வயது. காஞ்சி காமாட்சியையும் மதுரை மீனாட்சியையும் பார்த்தாயிற்று, காசி விசாலாட்சியையும் கண்ணாரப் பார்த்துவிட்டால் போதும் என்கிறார். டூர் ஏற்பாடு செய்பவரோ, "விசுவநாதர் கோயிலுக்குப் போகும்போதே அம்மனையும் பார்த்துடலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். விசாலாட்சி அந்தக் கோயிலுக்குள்ளேயே இருக்கிறாளா? அம்மாவால் சமதரையில் மெதுவாக நடக்க முடியும், படி ஏறத்தான் முடியாது. தீபாவளியை ஒட்டிப் போனால் தங்க அன்னபூரணி தரிசனமும் கிடைக்குமா? போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.

கண்டனூர்க்காரர்:
உள்ளே இல்லை, தங்கச்சி. நம் ஊர்க் கோயில்களில் சுவாமி சன்னிதியும் அம்மன் சன்னிதியும் ஒரே மதிலுக்குள் இருக்குமே, அந்தக் கணக்கு காசியில் செல்லாது. விசாலாட்சிக்குத் தனிக்கோயில். விசுவநாதர் கோயிலுக்குப் பின்பக்கம், கங்கைக்கரையை ஒட்டிய மீர் காட் சந்தில் இருக்கிறது (அங்கே காட் என்றால் படித்துறை). டூரில் போகிறவர்கள் பலர் விசுவநாதரையும் அன்னபூரணியையும் பார்த்த கையோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். சக்தி பீடம் என்று சொல்லப்படும் இடத்துக்கு இத்தனை அருகில் வந்துவிட்டு அம்மனைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு மனசே ஆறாது. பயணத் திட்டத்தில் "விசாலாட்சி, மீர் காட்" என்று தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படகில் வந்து மீர் காட்டில் இறங்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆற்றிலிருந்து ஏறும் படிகள் செங்குத்தானவை, முட்டிவலிக்கு ஆகவே ஆகாது. கோதோலியா நாற்சந்தி வரை ஆட்டோவில் வந்து, தசாசுவமேத காட் போகும் சாலையில் நடந்து, சந்துக்குள் திரும்புங்கள். சந்துக்குள் வண்டி வராது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் நிற்கவேண்டும், நடுவே மாடும் வரும். கல் பாவிய தரை ஈரமாக இருந்தால் வழுக்கும். அதனால் அம்மா நடுவில், நீங்கள் கைபிடித்துப் பக்கத்தில். விடியற்காலையில் போனால் கூட்டம் குறைவு, அம்மா வேண்டிய மட்டும் நின்று பார்க்கலாம். நடுப்பகலில் நடை சாத்துவார்கள், அந்த நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

சந்தில் வீடுகளுக்கு நடுவே திடீரென்று நம் ஊர்ப் பாணியில் வண்ணச் சுதைச் சிற்பங்களோடு வாசல் தெரியும். தள்ளி நின்று அண்ணாந்து பார்க்கக்கூட இடம் கிடையாது. இப்போதிருக்கும் கோயில் 1893-இல் நகரத்தார் எழுப்பியது. 1971-இல் கும்பாபிஷேகம் நடந்தது. கருவறையில் அலங்காரத்தோடு நிற்கும் அம்மனைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அவளுக்குப் பின்னால் இடப்பக்கம், கறுப்புக் கல்லில் சின்னதாக ஒரு மூர்த்தம் இருக்கும். அவள்தான் ஆதி விசாலாட்சி. முன்னால் இருக்கும் அம்மனின் புடவையும் மாலையும் மறைக்கும். அர்ச்சகரிடம் "ஆதி அம்மனைப் பார்க்கணும்" என்று கேளுங்கள், தீபத்தை அந்தப் பக்கம் காட்டுவார். கறுத்துத் தேய்ந்த அந்த முகத்தில் வெளிச்சம் படுவது ஒரு நொடிதான், அம்மாவை முன்கூட்டியே அந்தப் பக்கமாக நிறுத்திவிடுங்கள்.

திருச்சி வாசகி:
அன்னபூரணி பற்றி நான் சொல்கிறேன். நித்திய தரிசனத்துக்கு இருக்கும் அம்மன் வேறு, தங்க அன்னபூரணி வேறு. தங்க அம்மனைத் தன்தேரஸ் அன்று, அதாவது தீபாவளிக்கு முந்தைய திரயோதசியில் திறந்து, தீபாவளிக்கு மறுநாள் அன்னத்தைக் குவித்துப் படைக்கும் அன்னக்கூட்டம் வரைக்கும்தான் காட்டுவார்கள். இங்கேதான் நம்மவர்கள் தேதியைக் கோட்டை விடுவது. நமக்குத் தீபாவளி சதுர்த்தசியில், காசியில் அமாவாசையில். சில வருடம் இரண்டும் ஒரே நாளில் வரும், சில வருடம் ஒருநாள் தள்ளிப்போகும். காசிப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் டிக்கெட் போடவேண்டும். தன்தேரஸ் அன்று பிரசாதமாகச் சில்லறைக் காசும் நெல்பொரியும் தருவார்கள். அதற்காகவே முதல்நாளிலிருந்து மக்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். முட்டிவலியோடு அந்த வரிசையில் நிற்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. அன்னபூரணியைச் சாதாரண நாளில் நிம்மதியாகச் சேவிக்கலாமே.

மன்னார்குடிப் பெண்:
அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "தங்கம் வேண்டாம், அந்தச் சின்ன அம்மனைக் காட்டினால் போதும்" என்கிறார். அப்படியானால் தீபாவளி கழித்து, கார்த்திகை பிறந்ததும் கிளம்பலாமா?

கண்டனூர்க்காரர்:
கார்த்திகையில் தாராளமாகப் போகலாம், வெயில் தணிந்திருக்கும். ஆனால் அங்கே தீபாவளியை அடுத்து வரும் பௌர்ணமிக்குத் தேவ் தீபாவளி என்று படித்துறை முழுக்க விளக்கேற்றுவார்கள், ஊரே நிரம்பி வழியும். அதற்கு முந்தின பிந்தின நாட்களை விட்டுவிடுங்கள். அம்மா குளிர் தாங்கமாட்டார் என்றால் மார்கழி வரை தள்ளவேண்டாம், பனி மூட்டத்தில் ரயில்களும் தாமதமாகும். தங்குவதற்கு நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்தில் முதலிலேயே கேட்டுவையுங்கள். கோதோலியாவுக்குப் பக்கம், நம் சாப்பாடும் கிடைக்கும். விசுவநாதருக்குப் பூஜைப் பொருள்களை "சம்போ" சொல்லித் தெருவழியே எடுத்துப்போவதும் அங்கிருந்துதான், அம்மா வாசலில் உட்கார்ந்தே பார்க்கலாம். விசுவநாதர் கோயிலுக்குள் போன், பை, பேனா எதையும் விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அம்மாவின் மாத்திரையை மட்டும் மடியில் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள்.