ஓனோடி அறைக்குத் தமிழ்ப்பெயர்: 'ஆப்பு-நெய்யரி அறை' போதாது

வணக்கம்.

மூக்குச் சைனஸ் சொற்பட்டியலில் ஓனோடி அறை (Onodi cell) என்ற காற்றறைக்கு 'ஆப்பு-நெய்யரி அறை' என்று போட்டிருக்கிறது. ஆப்பு (ஸ்பீனாய்டு, மூக்கின் பின்கோடியில் இருப்பது), நெய்யரி (எத்மாய்டு, கண்களுக்கு நடுவே இருப்பது) என்ற இரண்டு எலும்புகளின் பெயரை ஒட்டிவைத்ததோடு சரி. எது யாருக்குச் சொந்தம் என்று அதில் தெரியவில்லை. மாற்றக் கோருகிறேன்.

அந்த அறை இரண்டு எலும்புக்கும் பொது அன்று. நெய்யரி எலும்பின் கடைக்கோடிக் காற்றறை பின்னோக்கி வளர்ந்து, ஆப்பெலும்புச் சைனஸின் மேலும் வெளிப்பக்கமும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பார்வை நரம்பு அதன் வெளிச்சுவரில் புடைத்து நிற்கும். சிலருக்கு நரம்பின்மேல் எலும்பே இராது. மெல்லிய சளிச்சவ்வு மட்டும்தான். உள்நோக்கிக் கருவியோடு (எண்டோஸ்கோப்) நெய்யரி அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து வருபவர், 'அடுத்தது ஆப்புச் சைனஸ்' என்று எண்ணி அதே திசையில் மேலே அழுத்தினால் முனை போய் நிற்பது நரம்பில். அறுத்து உறிஞ்சும் சுழல்கருவி கையில் இருந்தால் நொடியில் பார்வை போய்விடும்.

இன்னொரு தவறு சத்தமில்லாமல் நடக்கும். இந்த அறையையே ஆப்புச் சைனஸ் என்று எண்ணித் திறந்துவிட்டு வேலையை முடித்துவிடுவார்கள். உண்மையான சைனஸ் அதற்குக் கீழே சீழோடு மூடிக்கிடக்கும். நோயாளியின் தலைவலி போகாது.

ஆகவே ஆப்புச் சைனஸைக் கீழாகவும் உள்பக்கமாகவும்தான் தேட வேண்டும். மேற்சங்கின் (மூக்கின் பக்கச்சுவரில் மடிந்து நீளும் எலும்புகளில் மேலுள்ளது) பின்முனைக்கு உள்பக்கம், மூக்கு தொண்டைப்பக்கம் திறக்கும் பின்நாசித் துளையின் மேல்வளைவுக்கு 1 முதல் 1.5 செ.மீ. மேலே அதன் இயற்கை வாய் இருக்கிறது. மூக்குத் துளையின் அடிவிளிம்பிலிருந்து ஏறக்குறைய 7 செ.மீ.

என் பரிந்துரை: ஆப்புமேல் நெய்யரி அறை. உடைமையும் சொல்கிறது, இருப்பிடமும் சொல்கிறது.

- - -

> ஆப்புமேல் நெய்யரி அறை

வணக்கம் ஐயா. 'ஓனோடி' எல்லா நாட்டு மருத்துவருக்கும் தெரிந்த பெயராயிற்றே, அதையே வைத்துக்கொண்டால் என்ன? பயிற்சி மருத்துவர்கள் தேர்விலும் அதைத்தானே எழுதுகிறார்கள்? 'மேல்' என்பதும் முழுமையாக இல்லை. பல படங்களில் அறை வெளிப்பக்கமாகத்தான் அதிகம் விரிந்திருக்கிறது.

சி.டி. ஸ்கேனில் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் சொல்கிறேன். ஆப்புச் சைனஸின் இயல்பான தடுப்பு செங்குத்தாக நிற்கும். முகத்துக்கு நேரான வெட்டுப்படத்தில் அதற்குள் படுக்கைவாட்டில் ஒரு தடுப்பு தெரிந்தால், மேலே இருப்பது பெரும்பாலும் இந்த அறைதான். பக்கவாட்டு வெட்டிலும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

பட்டியலின் தலைப்பில் 'அமைப்புப் பிறழ்வுகள்' என்று இருப்பதையும் மாற்றுங்கள். பிறழ்வு என்றால் குறை, கோளாறு. அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்த நோயாளி பயந்துபோவார். இவை நோயில்லாதவருக்கும் உள்ளவை. 'அமைப்பு வேறுபாடுகள்' போதும்.

- - -

> 'ஓனோடி' எல்லா நாட்டு மருத்துவருக்கும் தெரிந்த பெயராயிற்றே

வணக்கம் அம்மா. தெரிந்த பெயர்தான், ஆனால் ஒரே பொருளில் இல்லை. பார்வை நரம்பு புடைத்துத் தெரியும் கடைசி நெய்யரி அறையை மட்டும் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். ஆப்புச் சைனஸின்மேல் படர்ந்த எந்த நெய்யரி அறையையும் சிலர் சொல்கிறார்கள். அதனால்தான் இது எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கணக்கு ஆய்வுக்கு ஆய்வு இவ்வளவு மாறுகிறது. புடாபெஸ்ட்டின் ஓனோடி பெரிய ஆய்வாளர், அவர் பெயர் வரலாற்றில் இருக்கட்டும். 2014இல் வந்த ஐரோப்பியக் கலைச்சொல் அறிக்கையும் ஆள்பெயர்களைக் கைவிடச் சொன்னது. நமக்கு வேண்டியது காரணப்பெயர்.

'மேல்' பற்றிய உங்கள் தடை சரியானது. ஆனால் 'வெளிமேல்' என்று நீட்டினால் யாரும் சொல்லமாட்டார்கள். பெயர் குறுகியே இருக்கட்டும். விளக்க வரியில் 'மேலும் வெளிப்பக்கமும்' என்று எழுதிவிடுவோம். பிறழ்வு → வேறுபாடு: முழு உடன்பாடு.

அதே காரணத்தால் 'ஊதிய நடுச்சங்கு' என்ற பதிவும் மாற வேண்டும். ஊதியது என்றால் வீக்கம் என்று படும். நடுச்சங்குக்குள் காற்றறை இருக்கிறது, அவ்வளவே. 'காற்றறை நடுச்சங்கு' என்போம். சைனஸ் வடியும் வழியை அடைத்தால் மட்டுமே அதைத் தொட வேண்டும். அப்போதும் சங்கின் முன்பக்கத்தில் அரிவாள் வடிவக் கத்தியால் செங்குத்தாகக் கீறி, வெளிப்பாதியை மட்டும் எடுக்க வேண்டும். உள்பாதி மண்டையோட்டுத் தளத்தில் தொங்குகிறது. பிடித்து முறுக்கினால் மூக்குக்கும் மூளைக்கும் இடையிலுள்ள சல்லடைத் தட்டு ஒடிந்து மூளைத் தண்டுவட நீர் மூக்கில் ஒழுகும். விளக்க வரியில் இதையும் சேர்க்கிறேன்.

விழிக்குழியின் அடியில் இருக்கும் ஹாலர் அறைக்கு 'விழிக்குழிக்கீழ் அறை' என்று முன்வைக்கிறேன். மறுப்பிருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். நெற்றிச் சைனஸ் அறைகளுக்குத் தனி இழை தொடங்குவோம்.