ஊற்றைக் காத்துவரும் பெரியவரை ஊர் எப்படிப் பெருமைப்படுத்துவது?

கேள்வி: சோலையோரம், கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எண்பது வீடுகள் கொண்ட சிற்றூர் எங்களுடையது. ஊருக்கு மேலே சோலைக்குள் கசியும் ஊற்றுதான் எங்களுக்குக் குடிநீர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பராமரித்து வருபவர் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். இதற்காக அவர் யாரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை. உதிரும் இலைகள் குழாயின் வாயில் கட்டியிருக்கும் வலையை அடைத்துக்கொள்ளும். ஜனவரியில் புல்மீது உறைபனி வெளுத்துக் கிடக்கும் காலையிலும், கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேலேறி, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, அந்த இலைகளைப் பிடிபிடியாக அள்ளி வெளியே போடுவார். 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த மழையில், ஊற்றுநீர் செம்மண்ணாகக் கலங்கி வருவதைக் கண்டு, சரிவுக்குக் கீழே குடியிருந்த ஆறு குடும்பங்களை இரவோடிரவாகப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றவரும் அவரே.

அவருக்கு இப்போது எழுபது வயது. பொன்னாடையும் கேடயமும் கொடுக்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. அரசு விருதுக்கு நாமே விண்ணப்பிக்க முடியுமா? ஊர் சார்பில் வேறு என்ன செய்யலாம்?

பதில் 1: முன்னாள் வார்டு உறுப்பினர், கூடலூர்

கிராம சபையிலிருந்து தொடங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது. நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். 2022இல் அன்றைய கூட்டங்களில் சிறப்பாகப் பணியாற்றிய ஊழியர்களையும் மகளிர் சுய உதவிக் குழுக்களையும் கௌரவிப்பது கூட்டப் பொருளிலேயே இடம்பெற்றது. ஆகவே உங்கள் கோரிக்கை யாருக்கும் புதுமையாகத் தோன்றாது.

தீர்மானத்தில் ‘அரும்பணி ஆற்றினார்’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள். எந்த ஊற்று, எத்தனை வீடுகள், எந்த மழையில் யாரைக் காப்பாற்றினார் என்பதை இங்கே எழுதியிருப்பதைப் போலவே எழுதுங்கள். பதிவேட்டில் ஏறிய தீர்மானத்தின் நகல் கையில் இருந்தால், பிறகு எந்த விருதுக்கும் அதைச் சான்றாக இணைக்கலாம்.

பத்ம விருதுகளுக்கு யாரும் யாரையும் இணையவழியில் பரிந்துரைக்கலாம், சிபாரிசு தேவையில்லை. அவருடைய பணியை 800 சொற்களுக்கு மிகாமல் விவரிக்க வேண்டும். மறைந்தவர்களுக்குப் பொதுவாக அந்த விருது வழங்கப்படுவதில்லை என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 2: கொடைக்கானல் வாசகி

எழுதுவதற்கு முன், அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள் யார் யார் என்று அவரிடமே கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஓர் ஓடையைச் சுத்தம் செய்தோம். உடைந்த மதுப்புட்டிகளைக் கையால் பொறுக்கிச் சாக்கில் கட்டியவர்கள் ஒன்பது பெண்கள். ஓர் அமைப்பு விருது அறிவித்தபோது, அது மேடையில் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவருக்குப் போயிற்று. அந்தப் பெண்களுக்கு அழைப்பிதழ்கூட வரவில்லை. அதற்குப் பிறகு அவர்களில் பாதிப் பேர் எந்தப் பொதுவேலைக்கும் வருவதில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பதில் 3: குன்னூரிலிருந்து

சகோதரி சொன்னதோடு சேர்த்து ஒன்று சொல்கிறேன். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் பயணம் செய்த ஹெலிகாப்டர் விழுந்தது, எங்கள் பக்கத்து நஞ்சப்பசத்திரத்தில். எரிந்துகொண்டிருந்த இடத்துக்கு முதலில் ஓடியவர்கள் அந்த ஊர் மக்கள். காயமுற்றவர்களைத் தூக்கிச் செல்லத் தங்கள் வீட்டுப் போர்வைகளையே கொடுத்தார்கள். ராணுவம் அவர்களுக்கு நன்றி தெரிவித்ததோடு, ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுத்து, மாதந்தோறும் மருத்துவரும் செவிலியரும் வருவார்கள் என அறிவித்தது. முதுமலை யானைப் பராமரிப்பாளர்களைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் பெற்றபோதும், படத்தில் வந்த பொம்மன், பெள்ளி இருவருக்கு மட்டுமன்றி, முதுமலை, ஆனைமலை முகாம்களின் 91 பணியாளர்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாயை முதலமைச்சர் அறிவித்தார்.

உங்கள் பெரியவருக்கும் அதுபோல ஏதேனும் செய்யுங்கள். எழுபது வயதில் அந்த ஏற்றத்தை அவர் எப்படி ஏறுகிறார்? கேடயத்துக்குச் சேர்க்கும் பணத்தில் வழுக்கும் இடங்களில் கல் பதித்துக் கைப்பிடிக் கம்பி போட முடியாதா?

சோலையோரம், கோத்தகிரி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை அவர் வீட்டுக்குச் சென்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தன்னோடு பதினைந்து ஆண்டுகள் மண்வெட்டி சுமந்து வந்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமான நண்பரின் பெயரைச் சொல்லி, “அவன் பேரை முதல்ல எழுதுங்க” என்றார். தனக்கென்று கேட்டது ஒன்றுதான்: எந்த வால்வை எப்போது மூட வேண்டும் என்று கற்றுக்கொள்ள இரண்டு பேர் தன்னோடு வர வேண்டும்.

தீர்மான வரைவில் இருவர் பெயரும் இருக்கின்றன. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் மகனும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவரோடு மேலே போகிறார்கள். கல் பதிக்க வேண்டிய இடங்களை நானும் உடன் சென்று அளந்து வரப் போகிறேன்.