பிறர் வீட்டு வளவில் காய்கறி வளர்க்கும் தொழில்: கட்டணம் குறித்து ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். உரிமையாளர்கள் வளைகுடா நாடுகளில் இருப்பதாலோ, வீட்டிலுள்ள முதியவர்களால் குனிந்து வேலை செய்ய இயலாததாலோ மார்த்தாண்டம், தக்கலை பகுதிகளில் வெறுமனே கிடக்கும் புரையிடங்களில் (வீட்டைச் சுற்றியுள்ள நிலங்களில்) காய்கறி பயிரிட்டுப் பராமரித்துக் கொடுப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொள்ள எண்ணியுள்ளேன்.

பயிர் குறித்து எனக்குப் பெரிய ஐயமில்லை. நம் செம்மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது என்பதால் விதைப்பதற்குச் சில வாரங்கள் முன்பே சுண்ணாம்பு இட வேண்டும். ஜூனிலும் அக்டோபரிலும் தொடங்கும் இரு பருவமழைகளுக்கும் தாங்குமாறு மேட்டுப்பாத்தி எடுக்க வேண்டும். தென்னை நிழலில் சேனை, சேம்பு, இஞ்சி போன்றவற்றைத் தவிர வேறெதையும் நம்ப இயலாது (வெண்டை வேண்டும் என்று அங்கேயும் கேட்பார்கள்).

ஐயமெல்லாம் கட்டணத்தில்தான். மாதச் சம்பளமாகப் பெறுவது முறையா, ஒரு வருகைக்கு இவ்வளவு என்று பெறுவது முறையா? விளைச்சலில் பங்கு என்பது கேட்பதற்கு நன்றாக இருந்தாலும், பாகல் காய்ப்புக்கு வரும்வரை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கையில் காசு வராது. பழ ஈ புகுந்துவிட்டால் அந்தப் பங்கும் இல்லை. விதை, சாணம், பந்தல் கம்பு ஆகியவற்றின் செலவை யார் ஏற்பது?

இத்தொழிலைச் செய்பவர்களும், ஆள் வைத்துத் தோட்டம் பராமரிக்கும் வீட்டுக்காரர்களும் தங்கள் ஏற்பாட்டைத் தெரிவிக்க வேண்டுகிறேன். குறிப்பாக, வீட்டுக்காரர் இடையில் நிறுத்திக்கொண்டால் நிற்கும் பயிருக்கு எவ்வாறு கணக்குத் தீர்ப்பது என்பதை விளக்கினால் பேருதவியாக இருக்கும்.