கிரிப் கோக் வழியா ஸ்னோடன் ஹார்ஸ்ஷூ: அக்டோபர் கடைசியில் போகலாமா?

கேள்வி:
வணக்கம். மான்செஸ்டரில் இருக்கேன். லேக் டிஸ்ட்ரிக்டில் இருக்கிற ஸ்ட்ரைடிங் எட்ஜ் முகட்டை ரெண்டு தடவை முடிச்சாச்சு. அடுத்து நானும் தம்பியும் ஸ்னோடன் ஹார்ஸ்ஷூ, அதான் வேல்ஸில் ஸ்னோடன் சிகரம் வழியா குதிரைலாடம் மாதிரி சுத்தி வர்ற முகட்டுப் பாதை, போகலாம்னு இருக்கோம். கயிறு வேணுமா? எந்தப் பக்கமா சுத்துறது?

பதில் 1:
நாலு தடவை சுத்தியிருக்கேன், ஒரு தடவை பாதியில் திரும்பியிருக்கேன். பென்-இ-பாஸ் கார் நிறுத்தத்தில் தொடங்கி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போங்க. அப்படிப் போனா முதல்ல வர்ற கூர்மையான முகடுதான் கிரிப் கோக். அதை ஏறிக் கடக்குறதுதான் நல்லது, அதில் இறங்கக் கூடாது. பாறை காய்ஞ்சு, காத்தும் இல்லாம இருந்தா, பழகினவங்க கயிறு இல்லாமத்தான் போறாங்க.

923 மீட்டர் உயரத்தில் முகடு கத்தி மாதிரி இருக்கும். வலப்பக்கம் லான்பெரிஸ் கணவாய் வரைக்கும் வெறும் பள்ளம். நான் முகட்டு விளிம்பைக் கையால் பிடிச்சுக்கிட்டு, இடப்பக்கம் ஓரடி கீழே கால் வெச்சு நகருவேன். பிடிக்கிற கல்லை முதல்ல ஆட்டிப் பாருங்க. ஒரு தடவை என் கையோடயே செங்கல் அளவுக் கல் ஒண்ணு வந்துடுச்சு.

நான் திரும்பினது புல்க் இ மோக்கில், அதாவது கிரிப் கோக்குக்கு ஏறுற வழி பிரியுற கணவாயில். காத்து தோள்பையைப் பிடிச்சுத் தள்ளுச்சு. அங்கே இருந்து முகட்டில் ஏறாம, பிக் பாதைங்கிற நடைபாதையில் சிகரம் போயிடலாம், அதில் வெட்கப்பட ஒண்ணுமே இல்லை. முகட்டில் ஏறிட்டா நடுவில் சுலபமா இறங்க வழி கிடையாது.

பதில் 2:
எல்லாரும் கிரிப் கோக்கையே பேசுறாங்க. 1085 மீட்டர் ஸ்னோடன் சிகரத்தில் டீ குடிச்சிட்டு வாட்கின் பாதையில் இறங்குறப்போதான் எனக்கு முழங்கால் போச்சு. அத்தனையும் சரளைக்கல். அதுக்கப்புறம் சுத்தில் கடைசியா வர்ற லிவெட் மலை ஏத்தம் வேற பாக்கி.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. காலை பத்து மணிக்குக் கிளம்பினா சரியா வருமா?

பதில் 1:
வேண்டாம். பதினோரு கிலோமீட்டர்தான், ஆனா ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை குளிர்காலத்துக்காக கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சா, சூரியன் அஞ்சு மணிக்குள்ள மறைஞ்சுடும். ஏழு மணிக்கே நடக்க ஆரம்பிச்சுடுங்க, தலைவிளக்கு ஆளுக்கு ஒண்ணு. பென்-இ-பாஸில் கார் இடத்தை முன்பதிவு பண்ணுங்க. தம்பி ஸ்ட்ரைடிங் எட்ஜுக்கு உங்ககூட வந்தாரா? அதைச் சொல்லலையே.

கேள்வி கேட்டவர்:
இல்லைங்க, அவனுக்கு இதுதான் முதல் முகடு.

பதில் 1:
அப்படின்னா இந்த வருஷம் அவரை ஸ்ட்ரைடிங் எட்ஜ் கூட்டிட்டுப் போங்க. கிரிப் கோக்கை மே மாசம் வெச்சுக்கலாம். நானும் கூட வர்றேன்.