மோர்பின் கணக்கைச் சரிபார்க்க வழி சொல்லுங்கள்

வணக்கம். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் மருந்தாளராக இருக்கிறேன். போன வாரம் பதிவேட்டைப் புரட்டியபோது நெஞ்சு பதறியது. 10 மில்லிகிராம் மோர்பின் (கடும் வலிக்குக் கொடுக்கும், அடிமையாக்கக்கூடிய மருந்து) குப்பியில் நோயாளிக்கு 4 ஏற்றி, மீதி 6 கொட்டப்பட்டதாம். கொட்டியதைப் பார்த்த சாட்சியின் கையொப்பமும் ஏற்றியவரின் கையொப்பம் போலவே அதே நீல மையில், அதே சாய்வில். அந்த நோயாளியோ இரவெல்லாம் வலியில் துடித்திருக்கிறார்.

ஊழியர் யாரோ மருந்தைத் தனக்கென எடுத்துக்கொள்கிறாரோ என்று சந்தேகம். ஆனாலும் யாரையும் பழிக்க மனம் வரவில்லை. அடிமையாகிவிட்டவர் என்றால் அவருக்கும் சிகிச்சைதான் வேண்டும்.

அமெரிக்காவில், ஊழியர் அலுமாரியிலிருந்து எடுத்த அளவையும் நோயாளிக்கு ஏற்றிய அளவையும் ஒப்பிட்டு, சக ஊழியரைவிட அதிகம் எடுப்பவரைக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. அவற்றுக்கு, யார் எவ்வளவு எடுத்தார் என்று தாமே பதியும் தானியங்கி மருந்து அலுமாரிகளின் பதிவுகள் தேவை. எங்களிடம் இருப்பது பூட்டும் கொப்பியும்தான். எக்செல்லிலாவது இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எந்தெந்த விவரங்களைப் பதிந்தீர்கள்?